தவக்களை அண்ணாச்சியும் வேர்க்கிற தொட்டியும்

தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களில் தவளையிடம் மன்னிப்புக் கேட்ட ஒரே மனிதர் எங்கள் தவக்களை அண்ணாச்சிதான். எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்வேன்.

பாளையங்கோட்டையில் நான் படித்த கல்லூரியில் அவர் விலங்கியல் துறை அட்டெண்டர். எங்கள் பக்கத்தில் தவளைக்குத் தவக்களை என்று பெயர். செய்முறை வகுப்புக்குத் தவளை பிடித்து வருவது, வளர்ப்பது, தொட்டி கழுவுவது எல்லாம் அவர் பொறுப்பு என்பதால் அந்தப் பெயர் அவரிடம் ஒட்டிக்கொண்டது. அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று வருகைப் பதிவேட்டில் இருந்தது. அதைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று அவரும் நம்மோடு சேர்ந்து திரும்பிப் பார்ப்பார்.

செய்முறை வகுப்பு நாளில் நாற்பது மாணவர்களும் மெழுகுத் தட்டோடு வரிசையில் நிற்போம். அண்ணாச்சி கூடையிலிருந்து ஒவ்வொரு தவளையாக எடுப்பார். உடனே கொடுத்துவிட மாட்டார். உள்ளங்கையில் உட்கார வைத்து, முகத்துக்கு நேராகப் பிடித்து, "யய்யா, கோவிச்சுக்காத. பிள்ளைக பரீட்சை எழுதணும்லா" என்பார். அதன் பிறகுதான் கைமாறும். நாற்பது பேருக்கு நாற்பது தவளை, நாற்பது மன்னிப்பு. வகுப்பு ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் தாமதமாகத்தான் தொடங்கும். ஒரு தடவை ஒரு பையன், "எல்லாத் தவக்களையும் மன்னிச்சிருதா அண்ணாச்சி?" என்று கேட்டான். அண்ணாச்சி யோசித்துப் பார்த்து, நாற்பதில் இரண்டு மூன்று முறைக்கத்தான் செய்யும் என்றார். முறைத்ததைத் தனியாகக் கூடையில் திரும்பப் போட்டுவிட்டு வேறு எடுப்பார். சாயங்காலம் அவற்றைப் பிடித்த வயலிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்.

தண்ணீர் விஷயத்தில் அவர் நாக்கு ஒரு அரசாங்க ஆய்வகத்துக்குச் சமம். விடுதிப் பையன்கள் ஒருநாள் அவரைச் சோதிக்க மூன்று டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். முதல் டம்ளரை வாயில் ஊற்றிக் கொப்பளித்துவிட்டு, பாளையங்கால்வாய், மேலப்பாளையம் தாண்டி எடுத்தது என்றார். இரண்டாவது கோடகன் கால்வாய், ஆனால் எருமை குளித்த பிறகு எடுத்திருக்கிறீர்கள் என்றார். மூன்றாவதை வாயில் விட்டதும் துப்பிவிட்டு, இதில் தவளை உயிரோடு இருக்காது, ஹாஸ்டல் பிள்ளைகள் மட்டும்தான் இருக்கும் என்றார். மூன்றும் சரி. அந்தப் பையன்கள் அன்றிலிருந்து விடுதித் தண்ணீரைக் குடிக்கப் பயந்து வாசலில் இருந்த சர்பத் கடையே கதி என்று கிடந்தார்கள்.

அவருக்கு ஆகாத ஒரே பொருள் பிளாஸ்டிக். அது தொண்ணூறுகளின் தொடக்கம். கல்யாண வீடுகளில் பிளாஸ்டிக் கப்பில் காபி கொடுப்பதைப் பெரிய நாகரிகமாக எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அண்ணாச்சி எங்கே போனாலும் கால்சட்டைப் பையில் ஒரு எவர்சில்வர் டம்ளர் புடைத்துக்கொண்டு நிற்கும். பந்தியில் பாயசம் வந்தால் அதை எடுத்து நீட்டுவார். மாப்பிள்ளை வீட்டார் இதைத் தப்பாக எடுத்துக்கொண்டு, ஏதோ குறை வைத்துவிட்டோம் என்று பதறிய கல்யாணங்கள் உண்டு. காரணம் கேட்டால் ஒரே பதில்தான். "சூடு பட்டா பிளாஸ்டிக்கு வேர்க்கும். அந்த வேர்வைய நான் எதுக்குக் குடிக்கணும்?"

வேதியியல் துறையில் ஒரு விரிவுரையாளர் விடாமல் சீண்டுவார். அந்த வேர்வைக்கு ஃபார்முலா என்ன என்று கேட்பார். அண்ணாச்சி கொஞ்சமும் அசராமல், "அது உங்க வேலைலா சார். நான் மோந்து பாக்கத்தான் செய்வேன்" என்பார்.

இந்த நிலையில் நான் அங்கேயே எம்.ஃபில். சேர்ந்தேன். வயலில் அடிக்கும் பூச்சி மருந்து தலைப்பிரட்டைகளை என்ன செய்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. எங்கள் துறைத்தலைவருக்கு இதற்காக நிதி கிடைத்தது. சென்னையிலிருந்து லாரியில் ஏழு தொட்டிகளை வரவழைத்தார். கண்ணாடி போலத் தெளிவான, கெட்டிப் பிளாஸ்டிக் தொட்டிகள். பாலிகார்பனேட் என்று அவர் அந்தச் சொல்லை உச்சரிக்கும்போது அவருக்கே புல்லரிக்கும். யார் வந்தாலும் ஒரு தொட்டியைத் தலைக்கு மேல் தூக்கித் தரையில் போட்டுக் காட்டுவார். டமார் என்று சத்தம் வரும், தொட்டி உடையாது. பால்காரர், தபால்காரர், கல்லூரி பஸ் ஓட்டுநர் என்று அந்த வித்தையைப் பார்க்காத ஆளே பாளையங்கோட்டையில் கிடையாது.

அண்ணாச்சி மட்டும் அந்தத் தொட்டிகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தலைப்பிரட்டை வளர்க்க அவர் காருகுறிச்சியில் வாங்கிய வாயகன்ற மண்சட்டிகளைத்தான் வைத்திருந்தார். துறைத்தலைவர் அவற்றையெல்லாம் தூக்கிக் கொல்லைப்புறம் போடச் சொல்லிவிட்டார்.

பிறகு ஆயுத பூசை வந்தது.

எங்கள் துறை ஆயுத பூசை கொஞ்சம் விசேஷமானது. நுண்ணோக்கிகளுக்குச் சந்தனம், கத்திரிகளுக்குக் குங்குமம். மூலையில் தொங்கும் எலும்புக்கூட்டுக்கும் நெற்றியில் திருநீறு பூசி மாலை போடுவோம். அண்ணாச்சி தன் வலை, கூடை, மண்சட்டி எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்தார். பிளாஸ்டிக் தொட்டிகளுக்கு மட்டும் வைக்க மாட்டேன் என்றார். சந்தனத்தைத் தொட்டியில் தடவிக் காட்டினார். அது வழுக்கிக்கொண்டு கீழே இறங்கியது. "பாத்தியளா, சாமிக்கே பிடிக்கல" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இருபத்து மூன்று வயது, ஆராய்ச்சி மாணவி என்ற தலைக்கனம் வேறு. நானே செய்கிறேன் பார் என்று ஏழு தொட்டிகளையும் முற்றத்துக்கு இழுத்தேன். துறைத்தலைவர் அழகுக்குத் தண்ணீர் நிரப்பி வைத்திருந்ததில் அவற்றில் பாசிக்கறை படிந்திருந்தது. பெரிய அண்டாவில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஸ்டோரிலிருந்து காஸ்டிக் சோடாவை அள்ளிப் போட்டு, தொட்டிகளை அதில் ஊறவைத்து, தேங்காய் நாரால் கை எரிய எரியத் தேய்த்தேன். பத்துத் தண்ணீரில் அலசினேன். கறை போனது. கூடவே தெளிவும் போனது. தொட்டிகள் குளியலறை ஜன்னல் கண்ணாடி போல வெளுத்துவிட்டன. சுத்தம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சந்தனம் வைத்துப் பார்த்தேன். அழகாக ஒட்டியது.

அண்ணாச்சியை ஓடிப்போய்க் கூட்டி வந்து காட்டினேன். அவர் தொட்டிக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தார். விரலால் உள்பக்கம் தடவிப் பார்த்தார். பைய நிமிர்ந்து, "யம்மா, தோலை உரிச்சிட்டியளே" என்றார். பொறாமையில் பேசுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

ஐப்பசி மழை பெய்ததும் அண்ணாச்சி வயல் ஓரத்திலிருந்து தவளை முட்டைகள் கொண்டுவந்தார். ஒரே தாய் இட்ட முட்டைகள்தான் வேண்டும் என்று கேட்டிருந்தேன், அப்படியே தேடி எடுத்து வந்தார். மூன்று தொட்டியில் பூச்சி மருந்து கலந்த தண்ணீர். மூன்று தொட்டியில் வெறும் ஆற்றுத் தண்ணீர். ஆராய்ச்சியில் இப்படி ஒரு கூட்டத்தை ஒன்றும் செய்யாமல் சும்மா வளர விட வேண்டும். அதோடு ஒப்பிட்டால்தான் மருந்து பட்டவை எப்படிக் கெட்டன என்று சொல்ல முடியும். ஏழாவது தொட்டி துறைத்தலைவர் கீழே போட்டுக் காட்டுவதற்கு. மீந்த முட்டைகளைக் கொட்டிவிடச் சொன்னேன். அண்ணாச்சிக்கு மனசு வரவில்லை. அதுகள் என்ன பாவம் செய்தன என்று முனகிக்கொண்டே கொல்லைப்புறத்து மண்சட்டிக்குக் கொண்டுபோனார்.

தினமும் வண்ணாரப்பேட்டை படித்துறையிலிருந்து சைக்கிளில் பித்தளைக் குடத்தில் ஆற்றுத் தண்ணீர் கொண்டுவந்து மாற்றினார். தொட்டிகள் துறைத்தலைவர் அறையின் மேற்கு ஜன்னலை ஒட்டி இருந்தன. வராந்தாவில் போகிறவர்கள் பார்க்க வேண்டும் என்பது துறைத்தலைவர் ஆசை. மழை விட்ட நாட்களில் மத்தியான வெயில் முழுக்க அவற்றின்மேல்தான்.

கார்த்திகை வந்தது. மருந்து கலந்த தொட்டிகளில் குஞ்சுகள் கோணலாக நீந்தின. எதிர்பார்த்ததுதான், சந்தோஷமாக நோட்டில் எழுதினேன். வெறும் தண்ணீர்த் தொட்டிகளைப் பார்த்தால் அங்கேயும் கோணல். பின்னங்கால் முளைக்க வேண்டிய நாளில் முளைக்கவில்லை. முளைத்தவற்றுக்கு வால் சுருங்கவில்லை. தவளையாக வேண்டிய ஆசையே இல்லாமல் தலைப்பிரட்டையாகவே காலம் தள்ளின. சில முதுகு வளைந்து ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தன. வேகவைத்த கீரையைக் கரைத்துப் போட்டேன், கெஞ்சினேன், திட்டினேன். வால் போவேனா என்றது.

சும்மா வளர்ந்த கூட்டமே கெட்டுவிட்டால் ஆராய்ச்சி குப்பைக்கூடைக்குத்தான். துறைத்தலைவர் விசாரணை நடத்தினார். அவருடைய தர்க்கம் எளிமையானது. மருந்து இல்லாத தொட்டியில் கோளாறு என்றால் தண்ணீரில் கோளாறு. தண்ணீர் கொண்டுவந்தது யார்? அட்டெண்டர். ஆற்றுக்குப் போகச் சோம்பல்பட்டு, மருந்து ஓடும் ஏதோ வாய்க்காலில் மொண்டு வந்திருக்கிறார். அல்லது மருந்துத் தொட்டியில் விட்ட வலையை இதிலும் விட்டிருக்கிறார். ஆகவே தை மாதம் முதல் அவரை நூலகத்துக்கு மாற்றிவிட வேண்டியது. உயிருள்ள எதையும் அவர் கையில் ஒப்படைக்க முடியாது.

என்னிடம் எழுத்தில் ஒரு வாக்குமூலம் கேட்டார். தண்ணீர் கொண்டுவரும் பொறுப்பும் வலையைக் கையாளும் பொறுப்பும் முழுவதும் அட்டெண்டருடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. பொய்யே சொல்லாமல் ஒரு மனிதரை மாட்டிவிட முடியும் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். என் தப்பில்லை என்றால் எனக்கு இன்னொரு வாய்ப்புத் தருவார்கள், பட்டம் தப்பும். என் புத்தி அதற்கு மேல் போகவில்லை.

அண்ணாச்சி சண்டைக்கு வரவில்லை. மறுநாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"யம்மா, புஸ்தகசாலையில தண்ணி உண்டுமா?"

மண்பானை ஒன்று இருக்கும், குடிக்க, என்றேன். அவர் தலையாட்டிவிட்டுத் தொட்டிகளைக் கழுவப் போனார். அன்று செய்முறை வகுப்பில் தவளைகளிடம் வழக்கத்தைவிட அதிக நேரம் பேசினார். பையன்கள்கூடச் சிரிக்கவில்லை.

மார்கழியில் மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு பேராசிரியை என் வேலையைப் பார்வையிட வந்தார். கைத்தறிப் புடவை, தடித்த கண்ணாடி, சிரிப்பதற்கு அனுமதி வாங்க வேண்டும் என்பது மாதிரி முகம். துறைத்தலைவர் அறையில் காபியும் முறுக்கும் வைத்து உபசாரம் நடந்தது. நடந்த கோளாறையும், குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டதையும் துறைத்தலைவர் விவரித்துக்கொண்டிருந்தார். மாற்றல் உத்தரவு தட்டச்சாகி, கையெழுத்துக்காக மேசையில் இருந்தது.

அப்போது முறுக்குத் தட்டில் ஒரு தவளைக்குஞ்சு வந்து உட்கார்ந்தது.

கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். துறைத்தலைவர் அதைப் பார்க்காதது போலப் பேச்சைத் தொடர்ந்தார். இரண்டாவது வந்து மாற்றல் உத்தரவின் மேல் உட்கார்ந்தது. மூன்றாவது, நான்காவது, அதற்குப் பிறகு நான் எண்ணவில்லை. வராந்தா முழுக்கத் தத்திக்கொண்டு வந்தன. பேராசிரியை காபியைக் கீழே வைத்துவிட்டு ஒன்றை லாவகமாக உள்ளங்கையில் பிடித்தார். வாலே இல்லை, நாலு காலும் அம்சமாக இருந்தன. அவர் முகத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு வந்தது.

பின்னாலேயே அண்ணாச்சி வலையோடு ஓடிவந்து, "மன்னிக்கணும்" என்றார். அது அந்த அம்மாளுக்கா தவளைகளுக்கா என்பது இன்றுவரை தெரியாது.

இவை ஏது என்று பேராசிரியை கேட்டார். அண்ணாச்சி வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னார். "மிச்ச முட்டைம்மா. ஒரே தாய் இட்டதுதான். கொல்லையில சட்டியில போட்டு வச்சேன். தை பொறந்தா நான் இங்கன இருக்க மாட்டேன்லா, வாய்க்கால்ல விட்டுருவோம்னு மூடிய எடுத்தேன். எனக்கு முந்தி அதுக பொறப்பட்டுட்டு."

தண்ணீர்? அதே குடத்துத் தண்ணீர். வலை? அதே வலை. தீனி? அதே கீரை. பேராசிரியை ஒவ்வொன்றாகக் கேட்டு முடித்துவிட்டு, அப்படியானால் வித்தியாசம் என்ன என்றார். அண்ணாச்சி துறைத்தலைவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ரொம்பப் பணிவாக, "சட்டிதாம்மா" என்றார். அறையில் எல்லார் கண்ணும் ஜன்னலோரத் தொட்டிகளின் பக்கம் திரும்பியது.

துறைத்தலைவருக்கு அது தன் குழந்தையைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிட்டது. தொட்டியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது, இது பாலிகார்பனேட், என்று எழுந்தார். ஏழாவது தொட்டியைத் தலைக்கு மேல் தூக்கினார். ஆயுத பூசைக்குப் பிறகு கல்லூரிக்கு விருந்தாளிகள் யாரும் வராததால் அவருக்கு இரண்டு மாதமாக வாய்ப்பே கிடைக்கவில்லை. ஆசையோடு கீழே போட்டார்.

தொட்டி இரண்டாகப் பிளந்தது.

ஒரு தவளைக்குஞ்சு சமயம் பார்த்துத் துறைத்தலைவரின் செருப்பில் ஏறியது. பேராசிரியை குனிந்து ஒரு துண்டை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்பக்கம் முழுக்கப் பொடிப்பொடியாக வெடிப்பு. நகத்தால் சுரண்டினார், வெள்ளையாக உதிர்ந்தது. இதை எதில் கழுவினீர்கள் என்று கேட்டார்.

எனக்கு முன்னால் அண்ணாச்சி பேசிவிட்டார்.

"நாந்தாம்மா கழுவினேன்."

நான் தேய்த்து வைத்த தொட்டியைப் பார்த்தவர் அவர். மோந்து பார்த்துத் தோலை உரித்துவிட்டாய் என்று சொன்னவர். என் வாக்குமூலம் அந்த மேசையில்தான் கிடந்தது, அதில் என் கையெழுத்து இருப்பதும் அவருக்குத் தெரியும். எனக்கு அப்போது வந்த வெட்கத்தை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது. அவர் தவளைக்குக் கொடுத்த மரியாதையைக்கூட நான் அவருக்குக் கொடுக்கவில்லையே என்று அழுகையே வந்துவிட்டது.

கழுவியது நான்தான் என்று எழுந்து சொன்னேன். அண்டா, காஸ்டிக் சோடா, தேங்காய் நார், சந்தனம் ஒட்டியது வரை எல்லாவற்றையும் கொட்டினேன். பேராசிரியை கண்ணாடியைக் கழற்றிவிட்டு அண்ணாச்சியைப் பார்த்தார். நீங்கள் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டார்.

"பிள்ளைக்குப் பட்டம் போயிரும்லாம்மா. எனக்கு என்ன, எப்படியும் புஸ்தகசாலைதான."

பேராசிரியை கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தத் துண்டை மறுபடி எடுத்துப் பார்த்தார். பிறகு, கொதிநீரும் காரமும் பட்டு இந்தப் பிளாஸ்டிக் கரைந்திருக்கிறது, வெயிலில் இன்னும் கொஞ்சம் கசிந்திருக்கலாம், என்ன கசிந்தது என்று கண்டுபிடிக்க நம்மிடம் கருவி கிடையாது என்றார். வளர்ந்த தவளை ஒருவேளை இதைத் தாங்கிக்கொண்டிருக்கும், உடம்பு உருவாகிக்கொண்டிருக்கிற குஞ்சு தாங்காது என்றார். அடுத்த மழைக்கு மண்சட்டியிலும் கண்ணாடியிலும் வைத்து மறுபடி செய்யச் சொன்னார். இதையும் மறைக்காமல் ஆய்வேட்டில் ஒரு பக்கம் எழுதச் சொன்னார். தண்ணீர் கொண்டுவர இவரைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டும் கட்டளை மாதிரி இருந்தது.

துறைத்தலைவர் மோசமானவர் இல்லை. மாற்றல் உத்தரவின் மேல் இருந்த குஞ்சை இரண்டு விரலால் எடுத்து முறுக்குத் தட்டில் விட்டுவிட்டு, உத்தரவை நாலாகக் கிழித்தார். முதலில் இதுகளை வெளியே விரட்டும் என்றார். அண்ணாச்சி, விரட்டினால் வராது சார், கூப்பிட வேண்டும் என்றார். எல்லாருமாகச் சேர்ந்து, அந்தப் பேராசிரியை உட்பட, மேசைக்கு அடியில் மண்டிபோட்டு ஒரு மணி நேரம் கூப்பிட்டோம். துறைத்தலைவர் அதற்குப் பிறகு எதையும் கீழே போட்டதில்லை. பேனாவைக்கூட இரண்டு கையாலும் பிடிப்பார்.

அடுத்த ஐப்பசியில் மண்சட்டியில் வைத்த கூட்டம் வாலை நாள் தவறாமல் உதறியது. பட்டம் வாங்கினேன். ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் முதல் பெயராக அண்ணாச்சியின் பதிவேட்டுப் பெயரைப் போட்டு அவரிடம் காட்டினேன். எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இது யாரு?" என்று கேட்டார்.

தொண்ணூறுகள் முடியும் தறுவாயில் நான் வள்ளியூரில் குடித்தனம், பக்கத்தில் ஒரு கல்லூரியில் வேலை. அப்போதுதான் அந்தப் பெயர் பத்திரிகைகளில் அடிபடத் தொடங்கியது. பிஸ்பீனால். உடையாத தெளிவான பிளாஸ்டிக்கைக் கட்டுகிற செங்கல் அது. சூடும் காரமும் பட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று தண்ணீரில் கலக்கும். உடம்புக்குள் போய் ஹார்மோன் வேஷம் கட்டும். முட்டையிலும் கருவிலும் இருக்கிற உயிர் அதை நிஜம் என்று நம்பி வழிதவறும். வாலை விடு, காலை வளர் என்று தலைப்பிரட்டைக்கு அதன் உடம்பு அனுப்பும் சேதியையே இது குழப்பும் என்பதெல்லாம் பின்னால் தெரிந்தது. எங்கள் தொட்டிகளில் நடந்தது அதுதான் என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் எனக்குச் சந்தேகமும் இல்லை.

அடுத்த சனிக்கிழமையே பஸ் பிடித்துப் பாளையங்கோட்டை போனேன். அண்ணாச்சி கொல்லையில் சட்டிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, உங்க வேர்வைக்குப் பேரு கண்டுபிடிச்சிட்டாவ."

"என்ன பேரு?"

சொன்னேன். வாய்க்குள் இரண்டு தடவை உருட்டிப் பார்த்தார், தண்ணீரை உருட்டுகிற மாதிரியே. "பேரு வைக்க இத்தன வருசமா? நம்ம வீட்டுல பதினாறாம் நாளே வச்சிருவோம்" என்றார். வேதியியல் விரிவுரையாளரிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், பாவம், வருத்தப்படுவார் என்றார்.

இதை நான் ஊரெல்லாம் சொன்னேன். வகுப்பில் சொன்னேன், ஆசிரியைகள் அறையில் சொன்னேன், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் சொன்னேன். மறு வருஷம் எனக்கு மகள் பிறந்தாள். வேலைக்குத் திரும்பும் நாள் நெருங்கியதால் பாட்டில் பழக்கினோம். துபாயிலிருந்து வந்த பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த பாட்டில், கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும், எத்தனை தடவை விழுந்தாலும் உடையாது. குழந்தையைப் பார்க்க அண்ணாச்சி வந்தார். தண்ணீர் குடிக்கத் தன் டம்ளரோடு அடுக்களைக்கு வந்தவர் அடுப்பைப் பார்த்து நின்றுவிட்டார். அங்கே கொதிக்கிற தண்ணீரில் அந்தப் பாட்டில் குதித்துக்கொண்டிருந்தது. சோடா உப்பு போட்டுக் கழுவி, நான்தான் வைத்திருந்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன். எம்.ஃபில். படித்தவள், ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள், எனக்கு அது தோன்றவே இல்லை. அவர் அடுப்பை அணைத்துவிட்டுத் தொட்டிலுக்குப் போனார். குழந்தையைக் கையில் எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்தார். "யம்மா, கோவிச்சுக்காத. படிச்சவளுக்கும் மறக்கத்தான செய்யும்" என்றார். பிறகு பையிலிருந்து, துணியில் சுற்றிய, குழந்தைக்குப் பால் புகட்டுகிற ஒரு சின்ன வெள்ளிப் பாலாடையை எடுத்து என்னிடம் கொடுத்தார். நான் என்ன செய்வேன் என்று தெரிந்தே வாங்கி வந்திருக்கிறார்.

"முறைச்சாளா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"இல்ல, மன்னிச்சிட்டா."

சாயங்காலம் அவரை பஸ் ஏற்றிவிடப் போனேன். அந்தக் கையெழுத்துக்காக நான் அவரிடம் ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லை. ஒவ்வொரு தடவையும் வாய் வரைக்கும் வந்து திரும்பிப் போய்விடும். பஸ் வந்து நின்றது. அவர் முகத்துக்கு நேராக நின்றுகொண்டு சொன்னேன், "அண்ணாச்சி, கோவிச்சுக்காதிய. பிள்ளை பரீட்சை எழுதணும்லா."

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. கண்ணை உருட்டி, கன்னத்தை உப்பி, என்னை ஒரு முறை முறைத்தார். அப்புறம் சிரித்துக்கொண்டே ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து டம்ளரை ஆட்டினார். பஸ் திரும்பி மறைகிற வரைக்கும் நான் அங்கேயே நின்றேன். வீட்டில் குழந்தை பாலுக்கு அழுதுகொண்டிருக்கும் என்று தெரிந்தும் கால் நகரவில்லை, அவ்வளவு பிரியம் எனக்கு அந்த மனிதர்மேல்.